ஏரோஜெல்லின் உறுதியைக் கணக்கிட்ட வரலாறு

ஏரோஜெல் என்பது ஜெல்லில் உள்ள நீர்மத்தை நீக்கி, திண்மச் சட்டகம் குலையாமல் அந்த இடத்தில் காற்றை நிரப்பிப் பெறப்படும் நுண்துளைப் பொருள். சிலிகா ஏரோஜெல்லின் பருமனில் 90 விழுக்காட்டுக்கும் மேல் காற்றே. வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதில் இது மிகச் சிறந்தது. ஆனால் சற்று வளைத்தாலே நொறுங்கிவிடும். இந்தக் குறையின் காரணத்தைக் கண்டறியப் பல பத்தாண்டுகள் ஆயின.

தோற்றம்

ஜெல்லைச் சாதாரணமாக உலர்த்தினால், நீரின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். ஜெல் சுருங்கி வெடித்துப்போகும். அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் நீருக்குப் பதிலாக ஆல்ககாலை நிரப்பி, அழுத்தக் கலத்தில் மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினார். அந்நிலையில் நீர்மம், ஆவி என்ற வேறுபாடே மறைவதால் பரப்பு இழுவிசையும் இல்லை. இம்முடிவை 1931இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்டார்.

நுரை விதியும் அதன் எல்லையும்

லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி ஆகியோர் 1982இல் நுரைப் பொருள்களுக்கான விதியை வகுத்தனர். திறந்த அறைகளைக் கொண்ட நுரையில் சுமையைத் தாங்குபவை மெல்லிய சட்டங்கள். அவை வளைவதைக் கணக்கிட்டால், நுரையின் யங் குணகம் அடர்த்தியின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். அதாவது அடர்த்தி இரு மடங்கானால் விறைப்பு 4 மடங்காகும்.

சிலிகா ஏரோஜெல் இந்த விதிக்குள் அடங்கவில்லை. சோதனைகளில் அடுக்கு எண் 2க்குப் பதிலாக 3 முதல் 4 வரை வந்தது. அதை 3.6 என்று கொண்டால், அடர்த்தி இரு மடங்காகும்போது விறைப்பு சுமார் 12 மடங்காகும். அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். எனவே நுரை விதியை நம்பி எடையைக் குறைப்பவர், எஞ்சும் உறுதியை மிகையாக மதிப்பிட்டுவிடுவார்.

கணினி மாதிரிகள்

1983இல் பால் மீக்கின் ஒருபுறமும், கோல்ப், போட்டே, ஜூலியன் ஆகியோர் மறுபுறமும் ஒரு மாதிரியைத் தனித்தனியே உருவாக்கினர். இதில் துகள்கள் தற்போக்காக அலைந்து, மோதியவுடன் ஒட்டிக் கொத்துகளாகின்றன; கொத்துகளும் அலைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன.

2000ஆம் ஆண்டையொட்டி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷெரர் குழுவினர் ஜூலியனுடன் சேர்ந்து இம்மாதிரியை ஏரோஜெல்லுக்குப் பயன்படுத்தினர். துகள்களை இணைக்கும் ஒவ்வொரு பிணைப்பையும் ஒரு சிறிய உத்தரமாகக் கொண்டு கணக்கிட்டனர். வலையில் பல கிளைகள் முட்டுச்சந்து போல ஒரு முனையில் நின்றுவிட்டன. அவற்றுக்கு எடை உண்டு; ஆனால் அவை சுமையைத் தாங்குவதில்லை. அக்கிளைகள் அசைந்து அருகிலுள்ளவற்றோடு இணைந்து வளையங்களாக மாதிரியை மாற்றியபோது, கணக்கீடு சோதனை முடிவுகளை நெருங்கியது. எவ்வளவு பொருள் உள்ளது என்பதைப் போலவே, அது எப்படி இணைந்துள்ளது என்பதும் முக்கியம் என்பது தெளிவாயிற்று.

பயன்

நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004இல் வைல்ட் 2 வால்மீனை நெருங்கி, நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் வந்த தூசியை ஏரோஜெல்லில் பிடித்தது. அங்கு மென்மையே பயன்பட்டது. உறுதி தேவைப்படும் இடங்களுக்கு வேறு வழி பிறந்தது. 2002இல் நிக்கோலஸ் லெவென்டிஸ் குழுவினர் சிலிகாத் துகள்களைப் பாலிமரால் பிணைத்தனர். அடர்த்தி சுமார் 3 மடங்கே கூடியது. வலிமையோ சுமார் 100 மடங்கு உயர்ந்தது.