‘கடல்வழியாக’: ஒரு சட்டச் சொல்லும் இரண்டு பாடத்துறைகளும்

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், குடிபெயர்வு என்பதை வரையறுக்கும் இடத்தில் ஒரு நிபந்தனையை வைக்கிறது. பிரித்தானிய இந்தியாவை விட்டுக் கூலிவேலைக்காகக் கடல்வழியாக வெளியேறினால்தான் அது குடிபெயர்வு. வரைவாளர்களுக்கு இது நடைமுறைச் சொல்லாகவே தோன்றியிருக்கும். மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறித்தானே போக வேண்டும். ஆனால் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட ஊர்களில் அந்தச் சொல் மக்களை இரு கூறாகப் பிரித்துவிட்டது. மண்டபம் முகாமில் தங்கிக் கப்பலேறிக் கண்டிச் சீமைக்குப் போனவர் குடிபெயர்ந்தவர் ஆனார். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிப் பாதை ஏறிக் கண்ணன்தேவன் மலைக்கோ, கம்பத்திலிருந்து குமுளிக் கணவாய் வழியே பீருமேட்டுக்கோ போனவர் சட்டத்தின் கண்ணில் எங்கும் போகவே இல்லை.

இத்தனைக்கும் அவர் சென்று சேர்ந்த இடம் பிரித்தானிய இந்தியா அன்று. திருவிதாங்கூர் தனி அரசு. தனி நாணயமும் தனி நீதிமன்றமும் உடையது. 1877இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கொடுத்த குத்தகையிலிருந்து வளர்ந்தது கண்ணன்தேவன் தோட்டப் பகுதி. அங்கே தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கை இலங்கைத் தோட்டங்களின் வாழ்க்கையோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தது. கங்காணி, லயம், பிரட்டு, கொழுந்து ஆகிய சொற்கள் இரு மலைகளிலும் ஒன்றே. ஒரே ஊரின் ஒரே குடும்பத்தில் அண்ணன் நுவரெலியாவுக்கும் தம்பி மூணாற்றுக்கும் போவதைத் தீர்மானித்தது பெரும்பாலும் எந்தக் கங்காணி முதலில் ஊருக்கு வந்தார் என்பதே. ஒரே கிளைமொழி, ஒரே கடன் முறை, ஒரே தொழில். ஆனால் அவற்றை ஆராயும் கல்வித்துறைகள் மட்டும் வேறுவேறாயின. இலங்கைக்குப் போனவரின் வரலாறு இன்று பன்னாட்டு உறவுகள் என்னும் பாடத்தில் இடம்பெறுகிறது. மூணாற்றுக்குப் போனவரின் வரலாறு, இடம்பெற்றால், தொழிலாளர் நலன் அல்லது சமூகக் கொள்கை என்னும் பாடத்தில் இடம்பெறுகிறது. இந்தப் பிரிவினை எவ்வாறு உண்டானது என்பதைப் பார்ப்பது, இவ்விரு துறைகளையும் பயில்வோருக்குத் தம் பாடத்திட்டத்தின் தையல் தெரியும் இடத்தைக் காட்டும்.

இந்தியாவின் வெளியுறவு வரலாற்றை 1947இல் தொடங்கிப் பஞ்சசீலம், பாண்டுங் மாநாடு, அணிசேராமை என்று சொல்லிச் செல்வது வகுப்பறை வழக்கம். அதற்கு முன்பே இந்திய அரசு வெளிநாடுகளில் தன் பிரதிநிதிகளை அமர்த்தியிருந்தது. அவர்களுடைய முதன்மைப் பொறுப்பு போரும் வணிகமும் அன்று. அங்கிருந்த இந்தியரின், பெரும்பாலும் தொழிலாளரின், நலனே. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கையிலும் மலாயாவிலும் ஏஜெண்டுகள் நியமிக்கப்பட்டனர். 1927இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி தென்னாப்பிரிக்காவுக்கு ஏஜெண்டாகச் சென்றார். கண்டியில் இருந்த ஏஜெண்டின் வேலை, லயங்களைப் பார்வையிடுவது, கூலி விகிதங்களைக் கேட்டறிவது, முறையீடுகளைப் பெறுவது, ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது. இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. அதன் பின்னே இந்திய அரசின் அழுத்தம் இருந்தது. வேறு சொற்களில் கூறினால், சமூகக் கொள்கையே இந்திய ராஜதந்திரத்தின் தொடக்கப் பள்ளி.

அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர் பாலக்காட்டுப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையவர். கே. பி. எஸ். மேனன் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்று இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தவர். ஒற்றப்பாலத்தைத் தம் ஊராகக் கொண்டவர். பாலக்காடு மாவட்டத்து மங்கரையைச் சேர்ந்த சேட்டூர் சங்கரன் நாயரின் மருமகன். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலராகவும் மாஸ்கோவில் நெடுங்காலத் தூதராகவும் அறியப்பட்ட அவர், தம் பணியின் முற்பகுதியில் இலங்கையில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தார். தேயிலைத் தோட்டத் தமிழரின் கூலியையும் வாக்குரிமையையும் பற்றி எழுதவேண்டிய பதவி அது. ஒற்றப்பாலத்திலிருந்து கிழக்கே நெல்லியாம்பதி மலை தொலைவில் இல்லை; அங்கும் தோட்டங்கள் இருந்தன, தமிழ்த் தொழிலாளர் இருந்தனர். அவர்களைப் பார்வையிட எந்த ஏஜெண்டும் நியமிக்கப்படவில்லை. குறை மேனனுடையது அன்று. ‘கடல்வழியாக’ என்ற சொல்லின் எல்லை அது. திருவிதாங்கூரில் பிரித்தானிய ரெசிடெண்ட் இருந்தார் என்பது உண்மை. அவருடைய கடமை அரசருக்கும் பேரரசுக்கும் இடையிலான உறவைக் காப்பது; லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலையாக எழுதப்படவில்லை.

இதே மலையில் நீருக்கு வேறு நீதி கிடைத்தது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. 8000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. சென்னை அரசு அந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கு எழுந்தபோது, இரு அரசுகளுக்கு இடையிலான பூசலாகக் கருதப்பட்டு நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941இல் திருவிதாங்கூருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் பாசனத்துக்கு மட்டுமே என்றார். மின்சாரத்துக்கான உரிமையைத் தமிழ்நாடு 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தின் மூலமே பெற்றது. நீர் அரசுகளுக்கு இடையிலான பொருள் என ஏற்கப்பட்டது. கொழுந்து பறித்த கை அவ்வாறு ஏற்கப்படவில்லை.

பல்கலைக்கழகத் துறைகளின் கதைக்கு வருவோம். பன்னாட்டு உறவுகளுக்கென உலகின் முதல் பேராசிரியர் இருக்கை முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் வேல்சின் அபெரிஸ்டுவித்தில் அமைந்தது; அது போரைத் தவிர்க்கும் வழியைத் தேடிய துறை. சமூகக் கொள்கை வேறொரு வீட்டுப் பிள்ளை. சேரிகள், தொழிற்சாலைகள், ஏழ்மைச் சட்டம் ஆகியவற்றைப் பற்றிய விசாரணைகளிலிருந்து வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரிச்சர்டு டிட்மஸ் 1950இல் சமூக நிர்வாகத்துக்கான முதல் பேராசிரியரானபோதுதான் அதற்கு உரிய மரியாதை கிட்டியது. இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி 1936இல் மும்பையில் டாட்டா அறக்கட்டளையின் பள்ளியாகவும், 1952இல் சென்னை சமூகப் பணிப் பள்ளியாகவும் வேரூன்றியது. பன்னாட்டு உறவுகளுக்கான தனிப் பள்ளி 1955 அக்டோபரில் தில்லி சப்ரு இல்லத்தில் தொடங்கியது. இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி என்ற அந்நிறுவனமே பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை. இடைக்காலத் தென்னிந்தியப் பொருளாதார நிலையைப் பற்றி அவர் எழுதி, சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்ட நூலை வரலாற்று மாணவர் இன்றும் புரட்டுகின்றனர். தென்னிந்தியச் சந்தைகளையும் வணிகக் குழுக்களையும் ஆராய்ந்த ஒருவர் பன்னாட்டு உறவுத் துறையைத் தொடங்கிவைத்தார் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

அப்பள்ளியை நிறுவிய உலக விவகாரங்களுக்கான இந்திய மன்றத்தின் தலைவர் ஹிருதயநாத் குன்ஸ்ரு. சீனிவாச சாஸ்திரியைப் போல இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1936 முதல் அதன் தலைவர். வெளிநாட்டு இந்தியர் நலனும் உள்நாட்டுச் சமூக சேவையும் அவரிடம் பிரியாமல் இருந்தன. அதே குன்ஸ்ரு, மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினருள் ஒருவர். மற்ற இருவர் தலைவர் ஃபசல் அலியும், சீனாவிலும் எகிப்திலும் தூதராக இருந்த வரலாற்றாசிரியர் கே. எம். பணிக்கரும். ஆணையம் அறிக்கையை அளித்தது 1955 செப்டம்பர் 30இல். பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியது அதையடுத்த சில நாட்களில். நாடுகளின் எல்லைகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியும் மாநிலங்களின் எல்லைகளைப் பரிந்துரைக்கும் அறிக்கையும் ஒரே கைகளில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் உருப்பெற்றன.

அவ்வறிக்கை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கேரளத்தில் வைத்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் மிகுதி என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஒரு வட்டத்தின் மொழிப் பெரும்பான்மை மட்டும் போதாது, பொருளாதாரக் காரணங்கள் உள்ளன, தோட்டத் தொழிலாளரின் வருகை வேறு வகையானது என்பது வாதத்தின் போக்கு. பணிக்கர் மலையாளி ஆதலால் முடிவு அவ்வாறு அமைந்தது என்ற பேச்சு தமிழகத்தில் நெடுநாள் உண்டு. தெற்கு வட்டங்களைத் தமிழர்க்கு அளித்ததும் அதே மூவர் என்பதை அப்பேச்சு விழுங்கிவிடுகிறது.

உண்மையில் உறுத்தும் முரண் வேறிடத்தில் இருக்கிறது. 1948இலும் 1949இலும் இலங்கை தன் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களால் தோட்டத் தமிழரை வெளியே நிறுத்தியது. அவர்கள் வந்துபோகும் மக்கள், வேரற்றவர் என்பது கொழும்பின் வாதம். இல்லை, அவர்கள் அங்கேயே நிலைத்துவிட்டவர், அந்நாட்டின் பொறுப்பு என்பது நேரு அரசின் வாதம். 1954 சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்துகொண்டபோதும் இக்கேள்வி தீரவில்லை. அதே 1954 ஆகஸ்டு 11இல் தென் திருவிதாங்கூரில் தமிழர் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே ஆண்டுகளில் தேவிகுளம் பற்றி ஆணையத்தின்முன் வைக்கப்பட்ட கேள்வி, கொழும்பில் கேட்கப்பட்ட அதே கேள்வி: தோட்டத் தொழிலாளி நிலைத்தவரா, வந்துபோகிறவரா? தில்லி இலங்கையை நோக்கி ஒரு விடையைச் சொன்னது. தன் வீட்டுக்குள் தேவிகுளத்துக்கு ஏறத்தாழ எதிர்விடையை ஏற்றுக்கொண்டது. வெளியுறவுக் கோப்பும் உள்துறைக் கோப்பும் ஒரே மேசையில் விரிக்கப்படாததால் இது எவர் கண்ணிலும் படவில்லை போலும்.

பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது மேற்கொள்ளப்பட்ட உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். நிலமற்ற மலையாளி உழவருக்கு மலைவட்டங்களில் நிலம் கொடுக்கப்பட்டது. உணவுப் பஞ்சத்துக்கான தீர்வு என்பது அதன் ஒரு முகம். எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த வட்டத்தின் மக்கள்தொகை விகிதம் மாறும் என்பது இன்னொரு முகம். நிலம் பெற்ற குடும்பங்கள் ஏழைகள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அட்டைக் கடியிலும் காய்ச்சலிலும் அவர்கள் பட்ட பாடு பொய்யன்று. நலத்திட்டமும் எல்லைக் கொள்கையும் ஒரே அரசாணைக்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேரள வரலாற்றில் அரிது.

1956 நவம்பர் 1இல் எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது; கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூரும் அதனோடு சேர, அங்கிருந்த தமிழர் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்கள் கோட்டயத்தோடு இருந்து, 1972இல் இடுக்கி மாவட்டத்துக்குள் வந்தன. அரசமைப்பின் 350அ, 350ஆ பிரிவுகள் தாய்மொழித் தொடக்கக் கல்வியையும் மொழிச் சிறுபான்மையருக்கான தனி அலுவலரையும் தந்தன. எல்லைக்கோட்டின் விளைவைச் சமூகக் கொள்கையால் ஆற்றும் ஏற்பாடு இது. இப்பிரிவுகளைச் சட்ட மாணவர் படிக்கின்றனர், கல்வியியல் மாணவர் படிக்கின்றனர். அரசுகளுக்கு இடையிலான பேரத்தின் எச்சமாக அவற்றைப் படிப்பவர் குறைவு.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் முடிவுசெய்ய. இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்ட, பன்னாட்டு உறவுப் பாடநூல்களில் இடம்பெறும் ஆவணம். அவ்வாறு திரும்பியோருள் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூர் ரப்பர்த் தோட்டங்களுக்கும், இடுக்கியின் வண்டிப்பெரியாற்றை ஒட்டிய கவி ஏலத் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கவிக்குச் சென்ற குடும்பம் பழைய கணக்கில் கடல்வழிக் குடும்பம். அதற்கெனச் சட்டமும் ஏஜெண்டும் ஒப்பந்தமும் இருந்தன. சற்று வடக்கே மூணாற்றில் இருந்தது மலைவழிக் குடும்பம். கவியில் இறங்கிய நாள்முதல் இருவரும் ஒரே தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வந்தனர். அயலுறவாக இருந்தது ஒரே பயணத்தில் தொழிலாளர் நலத்துறைக் கோப்பாயிற்று.

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர் தாமே திரண்டு, தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்து, 20 விழுக்காடு போனசுக்காகச் சாலையில் அமர்ந்தனர். ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற அவர்களுடைய தமிழ்ப் பெயர் மலையாள ஏடுகளில் ‘பெம்பிளை ஒருமை’ ஆயிற்று. அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். அப்போராட்டத்தைப் பற்றிப் பாலினம், தொழிற்சங்கம், சாதி ஆகிய நோக்குகளில் நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. இந்த மலையை இலங்கை மலையோடு அருகருகே வைத்து நூறாண்டுக் கூலி வரலாற்றை எழுத முனையும் மாணவருக்கு ஒரு தடை காத்திருக்கிறது. இலங்கைப் பகுதிக்குக் கண்டி ஏஜெண்டின் அச்சிட்ட ஆண்டறிக்கைகள் உள்ளன: வந்தோர், போனோர், கூலி, அரிசி விலை, முறையீடுகள் என ஆண்டுக்கு ஆண்டு. கண்ணன்தேவன் மலைக்கு அப்படி அரசு எழுதிய தொடர் ஒன்று இல்லை. நிறுவனத்தின் கணக்கேடுகள், திருவிதாங்கூரின் பொது நிர்வாக அறிக்கைகளில் ஆங்காங்கே சில வரிகள், போடி, கம்பம் ஊர்களில் முதியோர் நினைவில் இருக்கும் கங்காணிப் பெயர்கள் ஆகியவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த முதியோரும் குறைந்துகொண்டே வருகின்றனர்.