கண்டிப் பெருந்தோட்டங்களும் குடிப்பழக்கமும்: தவறணை முதல் இணையவழிச் சிகிச்சை வரை

குடிப்பழக்கத்தைத் தனிமனிதனின் ஒழுக்கக் குறையாகக் கருதுவதே நம்மிடையே நெடுங்கால வழக்கு. கண்டியைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1824 இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குளிரிலும் மழையிலும் உழைத்து, கங்காணியிடம் பட்ட கடனோடு லயன் அறைகளில் வாழ்ந்தனர்.

கித்துள் கள் இப்பகுதியினர் முன்பே அறிந்ததுதான். ஆனால் சாராயத்தைப் பரப்பியது குத்தகை முறையாகும். குறித்த பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. கூடிய தொகை கேட்டவர் அத்தொகையை மீட்கவேண்டுமாயின் விற்பனை பெருகவேண்டும். அது பெருகினாற்றான் அடுத்த ஏலத்தில் அரசின் வருவாய் உயரும். எனவே தொழிலாளி குடிப்பதில் அவனைவிட மற்றையோருக்கே நலன் மிகுதியாயிருந்தது எனலாம்.

இதற்கெதிராக 1904 ஆம் ஆண்டளவில் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தால் தவறணைகள் பெருகுமென அஞ்சியபோது அது மீண்டும் வலுப்பெற்றது. பின்னர் வாக்கெடுப்பின் மூலம் மக்களே தவறணைகளை மூடுவிக்கும் முறையும் வந்தது. 1927 இல் இலங்கை வந்த காந்தியடிகள் மலையகத் தொழிலாளரிடம் மதுவைக் கைவிடுமாறு வேண்டினார். ஆயினும் தவறணையின் கதவை அடைத்தவர்களால் வேட்கையின் கதவை அடைக்க முடியவில்லை. கசிப்பு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

வேட்கை எவ்வாறு எழுகின்றது என்னும் வினாவை எடுத்துக்கொண்டது அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்காவின் ஆரன் பெக் இதற்கு அடிகோலினார். 1985 இல் மார்லட், கோர்டன் ஆகியோர் மீளக் குடிக்க நேர்வதைத் தடுக்கும் வழிகளை நூலாக்கினர். சம்பள நாளின் மாலைப்பொழுதைக் கருதுவோம். உடல் நோகின்றது, 'குடித்தாற்றான் நோவு தீரும்' என்ற எண்ணம் எழுகின்றது, கால்கள் தவறணையை நோக்கி நடக்கின்றன. இச்சங்கிலியை நோயாளியே இனங்கண்டு, எண்ணத்தின் உண்மையைச் சோதித்து, வேறு செயலைப் பழகச் செய்வதே இச்சிகிச்சை. வழமையான சிகிச்சையுடன் இதனைக் கணினி வழியாகவும் அளித்தபோது பயன் கூடியதை யேல் பல்கலைக்கழகத்தாரின் 2008 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ சிகிச்சைக்காகக் கண்டி நகருக்கு வருபவர் ஒரு நாட்கூலியை இழக்கவேண்டும். இணையவழிச் சிகிச்சை அவ்விழப்பைத் தவிர்க்கவல்லது. ஆனால் குடும்பமே கூடிவாழும் லயன் அறையில் ஒருவர் தம் மனத்தைத் தனித்திருந்து திறப்பது எங்ஙனம்? மெல்லிய சுவருக்கு அப்பால் அயலவர் செவி உள்ளது. அவர் பேசும் தமிழிலேயே உளவளத்துணையாளர் பேசுவாரா? எழுதப் பழகாதவருக்குப் பயிற்சி குரல் வழியாகக் கிடைக்குமா? இவ்வினாக்களுக்கு விடை காணாது கருவியை மட்டும் கொடுப்பதாற் பயன் சிறிதே.

குத்தகை முறை மறைந்துவிட்டது. அது வளர்த்த பழக்கம் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது. சமூகம் தேடித்தந்த நோயைத் தனியொருவர் மனவலிமையால் மட்டும் வெல்லவேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று. அவர் மனத்தைச் சீர்செய்ய முனைவோர், அவர் நடந்துவந்த பாதையையும் அறிந்திருத்தல் வேண்டும்.