இயர் பிளக் போட்டா காது அரிக்குதா? கழற்றிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இயர் பிளக் புதுசு இல்லை. டிரம், ஷேவிங் மெஷின், தோல் வெட்டும் பிரஸ், கம்ப்ரசர் என ஷிப்ட் முழுக்க சத்தம்தான். ஆனால் பிளக் போட்ட சில நாளிலேயே காதுக்குள் அரிப்பு, எரிச்சல் ஆரம்பித்தால் பலரும் செய்வது ஒன்றுதான். கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள்.

சிக்கலே அங்குதான். அரிப்பைச் சரிசெய்துவிடலாம். சத்தத்தால் போன கேட்கும் திறன் திரும்ப வராது. அப்படியென்றால் என்னதான் செய்வது? பார்க்கலாம்.

ஏன் அரிக்கிறது?

காதுத் துளையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. அதன் உள்பகுதியில் சருமம் ரொம்ப மெலிசு. கிட்டத்தட்ட எலும்பின் மேல் அப்படியே ஒட்டியிருக்கும். நாம் அழுக்கு என்று நினைக்கும் குறும்பிதான் அதற்குக் காவல். ஈரத்தைத் தடுக்கும், லேசான அமிலத்தன்மையால் கிருமிகளையும் கட்டுப்படுத்தும்.

மணிக்கணக்கில் பிளக் அடைத்திருந்தால் வியர்வை காய வழியில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். உள்ளே ஊறிப்போன சருமத்தில் பிளக் உரசும்போது எரிச்சல் வருகிறது. குளித்த ஈரம் காயாமல் பிளக் போட்டாலும் இதே கதைதான்.

பிளக்கில் பிரச்னையா, கையிலா?

பிளக் செய்யும் ஃபோம், சிலிக்கான் போன்றவற்றால் அலர்ஜி வருவது குறைவு. தோல் தொழிலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான். ஃபோம் பிளக்கை விரலால் உருட்டித்தான் காதில் வைக்க முடியும். அதே விரலில் சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, குரோம் உப்பு, சோல் ஒட்டும் பசை, பஃபிங் தூசி என எது இருந்தாலும் பிளக்கோடு சேர்ந்து காதுக்குள் போய்விடும்.

குரோமும், பசையிலும் ரப்பரிலும் உள்ள சில ரசாயனங்களும் சரும அலர்ஜிக்குப் பேர்போனவை. கையிலும் அரிப்பு, வெடிப்பு, காதிலும் அரிப்பு என்றால் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். சரும மருத்துவர் 'பேட்ச் டெஸ்ட்' செய்து எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பார்.

உடனே என்ன செய்யலாம்?

* அரிப்பு ஆறும் வரை பிளக்குக்குப் பதிலாக, காதை வெளியிலிருந்து மூடும் இயர் மஃப் கேளுங்கள். காதுக்குள் எதுவும் போகாது, பாதுகாப்பும் விட்டுப்போகாது.
* குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் வையுங்கள். குளித்ததும் எடுத்துவிட்டு, வெளிக்காதை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.
* வெளிக்காது வறண்டு உரிந்தால், இரவில் வாசலின் லேசாகத் தடவலாம். உள்ளே விட வேண்டாம்.
* எரிச்சல் அதிகமானால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வெளிக்காதில் வைக்கலாம்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் எதுவும் வேண்டாம். மெலிசான சருமம் கீறிவிட்டால் கிருமி உள்ளே போக அதுவே வாசல். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். சுடும் அபாயம் ஒருபக்கம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பிரச்னை இன்னும் பெரிசு. மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் முதலில் அரிப்பை அடக்கும். ஆனால் உள்ளே இருப்பது பூஞ்சை என்றால் அதை வளர்த்துவிடும்.

மறுபடி பிளக் போடும்போது...

சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே பிளக்கைத் தொடுங்கள். உருட்டிச் சுருக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, ஃபோம் விரியும் வரை விரலால் பிடியுங்கள். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாகத் திருகி எடுங்கள்.

ஃபோம் பிளக்கைக் கழுவி மறுபடி போடக் கூடாது. அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சிலிக்கான் பிளக் என்றால் மிதமான சோப்பில் கழுவி, முழுசா காயவைத்து மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். இறுக்கமாக இருந்தால் சின்ன சைஸ் கேளுங்கள்.

'கொஞ்ச நேரம்தானே கழற்றினேன்!'

30 டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் பிளக் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் சத்தத்துக்கு நடுவே கழற்றினால், அன்றைய கணக்கில் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபல்தான். அதனால் அரிப்பு தாங்காமல் கழற்றுவதென்றால், சத்தம் இல்லாத இடத்துக்குப் போய்க் கழற்றுங்கள்.

கம்பெனியிடம் கேட்கலாமா?

தாராளமாக! சத்தத்தால் ஏற்படும் காது கேளாமையும், ரசாயனம் பட்டு வரும் சரும அழற்சியும் 2025 வரை அமலில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இடம்பெற்றிருந்த தொழில்சார் நோய்கள். சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றது அதே சட்டத்தின் 114-வது பிரிவு. வேறு வகை பிளக்கோ மஃப்போ கேட்பது சலுகை இல்லை.

எப்போது டாக்டரிடம் போகணும்?

காதை இழுத்தாலோ, காது வாசலில் உள்ள சின்ன மடலை அழுத்தினாலோ வலி, சீழ் அல்லது நீர் வடிதல், வீக்கம், காய்ச்சல், காது அடைத்து மந்தமாகக் கேட்பது - இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை பரவலாம் என்பதால், வலி ஆரம்பித்ததுமே போய்விட வேண்டும்.

இஎஸ்ஐ அட்டை இருந்தால் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டலாம். இல்லாதவர்கள் அரசு மருத்துவமனைக்கோ, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ போகலாம். என்ன வேலை, கையில் என்ன ரசாயனம் படும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பாதி காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.