ஆடாதோடை சப்பு மாத்திரையான வரலாறு

ஆடாதோடைச் செடியை நீங்கள் அறிவீர்கள். நம் ஊர்ப்புறங்களில் வேலியோரம் வளர்வது. ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் வந்தது என்பர். இருமல் கண்டால் அதன் இலையைக் கஷாயமிட்டுத் தருவது பழைய வழக்கம். அந்தக் கசப்பிலிருந்து புறப்பட்ட ஆராய்ச்சிதான் ஐரோப்பாவில் தொண்டை வலிக்குரிய சப்பு மாத்திரையாக முடிந்தது என்றால் வியப்பாக இல்லையா?

கதை நீலகிரியில் தொடங்குகிறது. மலேரியாவுக்குரிய கொயினாவை எடுப்பதற்காகச் சென்னை அரசு அங்கே சிங்கோனா மரங்களை வளர்த்து வந்தது. பட்டையைச் சோதிக்க உதகமண்டலத்தில் அமர்த்தப்பட்டிருந்த வேதியியலார் டேவிட் ஹூப்பர். அவர் சிங்கோனாவோடு நின்றுவிடவில்லை. 1888-இல் ஆடாதோடை இலையிலிருந்து ஓர் அல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். அதுவே வாசிசின். (வாசகா என்பது இச்செடியின் வடமொழிப் பெயர்.)

வாசிசினின் மூலக்கூறு அமைப்பு தெளிவாவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அமைப்புத் தெரிந்தால்தான் அதை மாற்றிக் கட்ட முடியும். அதன் சாயலில், இரண்டு புரோமின் அணுக்களைச் சேர்த்துச் செய்யப்பட்ட சேர்மமே புரோம்ஹெக்சின். போரிங்கர் இங்கல்ஹைம் என்ற ஜெர்மன் நிறுவனம் 1963-இல் இதனைச் சளியை இளக்கும் மருந்தாக வெளியிட்டது. உடலுக்குள் சென்ற புரோம்ஹெக்சின் ஆம்ப்ராக்சால் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. பின்னர் அதுவும் தனி மருந்தாயிற்று.

இனிமேல்தான் சுவையான பகுதி. வலிச் செய்தி நரம்பில் ஒரு மின் துடிப்பாகவே செல்கிறது. சோடியம் அயனிகள் நரம்பினுள் பாயும் நுண்வாயில்கள் திறந்தால்தான் அத்துடிப்பு எழும். ஆம்ப்ராக்சால் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. தொண்டை மரத்துப் போகிறது. ஆனால் சிரப்பாகக் குடித்தால் மருந்து சில நொடிகளில் தொண்டையைக் கடந்துவிடும். ஆகவே 20 மில்லிகிராம் மருந்தை மெல்லக் கரையும் மாத்திரையில் அடக்கினர். உமிழ்நீர் ஊற ஊற அது தொண்டையை நனைத்துக்கொண்டே இருக்கும்.

கஷாயமே போதாதா என நீங்கள் கேட்கலாம். ஒரு பிடி இலையில் எவ்வளவு வாசிசின் உண்டு என்று யாரும் அளப்பதில்லை. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதை ஜம்மு வட்டார ஆராய்ச்சிக்கூடம் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. கருவுற்ற பெண்கள் இக்கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும்.

சிவகாசி வாசகர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. மருந்துக் கலவை செய்யும் அறையில் கந்தகம், வெடியுப்பு, அலுமினியம் ஆகியவற்றின் தூள் பறக்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 5 மைக்ரானுக்குக் குறைந்தவையோ நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. அங்கே சேர்ந்த தூசியைச் சப்பு மாத்திரை எட்டாது. தொண்டை மரத்திருப்பதால் நோய் தணிந்ததாகத் தோன்றும், அவ்வளவே. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.