சோழமண்டலக் கரையிலிருந்து நியூயார்க் வரை: ‘கேட்டமரான்’ என்ற சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்றால் இன்று இணையான இரண்டு உடற்பகுதிகளை மேல்தளத்தால் இணைத்த படகு. அச்சொல் ‘கட்டுமரம்’ என்பதன் திரிபு என்பதில் ஐயமில்லை. அதைக் கொண்டே, அந்தப் படகின் அமைப்பும் நம் கரையிலிருந்துதான் போனது என்று பலரும் சொல்லிவருகின்றனர். அச்சொல் காலந்தோறும் ஏற்ற பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த முடிவு நிலைக்கவில்லை.

முதற்பொருள்: மிதக்கும் மரங்கள்

1583இல் இக்கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு உருளை மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையை விவரிக்கிறார். ஐந்து மரங்கள் அடித்தளம்; நடுமரம் நீண்டு நீரைக் கிழிக்கும்; பின்புற மரம் நீருக்குள் அமிழ்ந்திருக்க, அதன்மேல் ஆள் உட்கார்ந்திருப்பான். ஆங்கிலத்தில் தாமஸ் பௌரி 1670களில் இச்சொல்லை எழுதிவைத்தார். 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூல் அதை அச்சில் பரப்பியது. ஒன்றிரண்டு மரங்களே கொண்ட மிதவையில், எப்போதும் கால் நனைய உட்கார்ந்திருக்கும் மனிதனை டாம்பியர் காட்டுகிறார்.

சென்னையில் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிடும். பயணிகளையும் சரக்கையும் மசூலா படகுகள் ஏற்றிவர, கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கட்டுமரக்காரர்கள் கொண்டுபோவார்கள். கப்பல் தளத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, நீர்மட்டத்தோடு ஒட்டி மிதப்பதே கட்டுமரத்தின் முதல் அடையாளமாகப் பட்டிருக்க வேண்டும்.

வெடிப்பெட்டியும் வசவும்

1804 அக்டோபர் 2 இரவு, பிரான்சின் பூலோன் துறையில் நின்ற நெப்போலியனின் படகுகள் மீது ஆங்கிலேயர் ஒரு புது ஆயுதத்தை ஏவினர். அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த அது, சுமார் 21 அடி நீளமுள்ள வெடிமருந்துப் பெட்டி. குறித்த நேரத்தில் வெடிக்கக் கடிகாரப் பொறி உள்ளே இருந்தது. தாக்குதலில் பெரிய சேதம் விளையவில்லை. அந்தப் பெட்டிக்கும் ‘கேட்டமரான்’ என்றே பெயர். அதில் மரக்கட்டும் இல்லை, மீன்பிடிப்பும் இல்லை. நீரின் மேல் தலைகாட்டாமல் மிதக்கும்படி பாரம் ஏற்றியிருந்தார்கள். அந்த ஒற்றுமையே பெயருக்குக் காரணம் எனக் கருதலாம்.

1830களில் கடற்படை அதிகாரியும் நாவலாசிரியருமான ஃபிரெடெரிக் மாரியட்டின் ‘பீட்டர் சிம்பிள்’ நாவலில், குடித்திருக்கும் ஒரு கிழவி மீது இச்சொல் வசவாக விழுகிறது. அந்நூற்றாண்டில் சண்டைக்காரி என்பது அதன் ஒரு பொருளாகவே நிலைத்தது. பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஒலி இதற்குத் துணைநின்றிருக்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் விறகிழுக்கும் பனிச்சறுக்கு வண்டிக்கும், கப்பலுக்கும் துறைமேடைக்கும் இடையே உராய்வு தடுக்கும் மிதவைக்கும் இதே பெயர் வழங்கியது.

இரட்டை உடற்படகு

1662இல் வில்லியம் பெட்டி டப்ளினில் இரட்டை உடற்படகைக் கட்டினார். அதை ‘இரட்டை அடி’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். பசிபிக் தீவுகளின் பாலினீசியர் அதற்கு வெகுகாலம் முன்பே இரட்டை ஓடங்களில் பெருங்கடலைக் கடந்திருந்தனர். இவ்வகைப் படகுக்கும் ‘கேட்டமரான்’ என்ற பெயருக்கும் உள்ள உறவை நிலைநிறுத்தியதில் அமெரிக்கரான நதானியேல் ஹெரெஷாஃபுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய ‘அமரில்லிஸ்’ 1876இல் நியூயார்க் படகுப்போட்டியில் மற்றப் படகுகளை முந்தியது. போட்டியாளர்கள் எதிர்க்கவே பரிசு மறுக்கப்பட்டது. மறுஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். 1968இல் ஹோபி ஆல்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஹோபி 14’ போன்ற சிறு படகுகள், இப்பொருளைக் கடற்கரைப் பொழுதுபோக்கு வரை கொண்டுசென்றன.

முடிவு

கட்டுமரத்தில் மரங்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கும். நீர் அவற்றின் மேலேறி வழியும். இரட்டை உடற்படகு நிலைத்து நிற்பதோ இரு உடல்களுக்கும் நடுவிலுள்ள அகலத்தால். இரண்டும் வேறுவேறு தொழில்நுட்பங்கள். ஒவ்வொரு காலத்தவரும் கட்டுமரத்தின் ஏதோ ஒரு கூற்றை மட்டும் பற்றிக்கொண்டனர்: வெடிப்பெட்டி தாழ்ந்து மிதப்பதை எடுத்துக்கொண்டது, இரட்டைப் படகு பக்கம்பக்கமாக இணைப்பதை எடுத்துக்கொண்டது. அமைப்புக்குப் பாலினீசிய ஓடங்களே நெருங்கிய உறவு. தமிழ்க் கரையிலிருந்து கடல் கடந்தது பெயர்தான்.