சிறுவேடக் கலைஞர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் பொற்கொல்லனை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லிவிட இயலாது. கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோரோடு ஒப்பிட்டால் காப்பியத்தில் அவன் தோன்றும் இடம் மிகச் சிறிது. மதுரைத் தெருவில் எதிர்ப்படுகிறான், சிலம்பைப் பார்க்கிறான், அரசனிடம் சென்று பொய்யுரைக்கிறான். அவ்வளவே. ஆயினும் காப்பியத்தின் போக்கே அவனால் திரும்பிவிடுகிறது. இளங்கோவடிகள் அவனுக்குப் பெயர்கூடச் சூட்டவில்லை. சற்று நேரமே வந்து, கதையை அசைத்துவிட்டு, பெயரின்றி மறையும் பாத்திரம் தமிழுக்குப் புதியதன்று.

தெருக்கூத்தில் இப்பணியைக் கட்டியங்காரன் செய்தான். அரசன் வருகையை அறிவிப்பவனும் அவனே; வாயிற்காவலனும் தூதனும் அவனே. வேடத்துக்கு வேடம் மாறி, இடையிடையே நகைச்சுவை தந்து, கூத்தை நடத்திச் சென்றவன் அவன். இருபதாம் நூற்றாண்டில் தொலைக்காட்சி தோன்றியபோது, இதே தேவை வேறோர் உருவில் எழுந்தது.

அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் அதே கணவன் மனைவி, அதே வீடு, அதே அண்டை வீட்டார். வீட்டில் உள்ளோர் மாறாதபோது புதிய சிக்கல் எங்கிருந்து வரும்? கதவைத் தட்டிக்கொண்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வரி அதிகாரியாகவோ, விற்பனையாளராகவோ, உறவினராகவோ ஒருவர் வருவார். அரைமணி நேரக் கதையில் அவரை விரிவாக அறிமுகப்படுத்த நேரமில்லை. முகத்தைக் கண்டதும், குரலைக் கேட்டதும், இன்னார் என்று பார்வையாளர் உணர வேண்டும். ஆகவே தனித்த முகமும் குரலும் வாய்ந்த நடிகர்கள் தேவைப்பட்டனர்.

சார்லஸ் லேன் என்பவர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சிடுசிடுத்த அதிகாரியாகவே பெரும்பாலும் வருவார். 1953ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் ஒளிபரப்பான, லூசி மகப்பேற்றுக்கு மருத்துவமனை செல்லும் பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தனர். அதில் பல பெண்மக்களைப் பெற்று, அடுத்த மகவுக்காகக் காத்திருக்கும் தந்தையாகச் சில நிமிடங்களே லேன் தோன்றினார். 2007ஆம் ஆண்டு, தம் 102ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் இன்றும் நினைக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அத்தொடர் மூன்று படக்கருவிகளைக் கொண்டு படச்சுருளில் பதிவு செய்யப்பட்டது, எனவே நிலைத்தது. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் விலைமிக்க ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 1968இல் தொடங்கிய 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் மூன்று பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. பதிவு அழிந்தால், முதன்மை நடிகர்களை வேறு பகுதிகளில் காணலாம். ஒரே பகுதியில் வந்துபோன கலைஞர் முற்றிலும் மறைந்துபோகிறார்.

தமிழகத்தில் இத்தகைய கலைஞர்களின் நாற்றங்கால் சபா நாடக மேடையே. பகலில் அலுவலகப் பணி, மாலையில் ஒப்பனை என வாழ்ந்தவர் பலர். இரயில்வே ஊழியராக இருந்த நாகேஷ், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறிது நேரமே மேடையில் நின்றார். தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அந்தச் சிறு வேடத்தையே பாராட்டிப் பரிசளித்தார். பூர்ணம் விசுவநாதன் வானொலிச் செய்தி வாசிப்பாளர்; ஓமக்குச்சி நரசிம்மன் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்; டெல்லி கணேஷ் இந்திய விமானப் படையில் பணியாற்றியவர்.

இவர்களுட் சிலரின் பெயர்களே ஒரு வரலாறு. 'கல் மணம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்தவர் தேங்காய் சீனிவாசன் ஆனார். அப்பெயரை வழங்கியவர் நகைச்சுவை நடிகர் கே. ஏ. தங்கவேலு. சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் காத்தாடி என்னும் கேலிச்சித்திரக்காரராக வந்தவர் காத்தாடி ராமமூர்த்தி. 'நாரதரும் நான்கு திருடர்களும்' நாடகம் ஓமக்குச்சியைத் தந்தது. 1967இல் வெளிவந்த 'நான்' திரைப்படத்தில் சலிப்போடு உச்சரித்த ஒரு சொல், கண்ணையாவை 'என்னத்தெ கண்ணையா' ஆக்கியது. ஏற்ற வேடம் பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால் அமர்ந்துகொண்டது. இது பெருமையா, இழப்பா என்பது சிந்திக்கத்தக்கது. வேடத்தை நினைவில் வைத்த மக்கள், அதைத் தாங்கிய மனிதரையும் அதன் வழியாகவே நினைவில் வைத்தனர்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சபா நாடகக் கலைஞர்கள் பலர் அங்கும் இடம்பெற்றனர். எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' போன்ற நிகழ்ச்சிகள் மேடை நகைச்சுவையை இல்லங்களுக்குக் கொண்டுவந்தன.

மலேசியாவில் தொலைக்காட்சி அதற்கும் முந்தியது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் ஒளிபரப்புத் தொடங்கியது. 1969இல் இரண்டாம் அலைவரிசையும் சேர்ந்தது. பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் உள்ள அங்காசாபுரி ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் இருப்பிடமாயிற்று. 1985 முதல் 2002 வரை டிவி3 ஒளிபரப்பிய 'பி மாய் பி மாய் தாங் து' என்னும் மலாய் நகைச்சுவைத் தொடர், பல இனத்தவர் வாழும் அடுக்ககம் ஒன்றைக் களமாகக் கொண்டு, அண்டை வீட்டார் கதவைத் தட்டும் பழைய உத்தியை இந்நாட்டு மண்ணுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது.

தமிழ் நிகழ்ச்சிகளிலும் வானொலி நாடகம், தொலைக்காட்சி நாடகம் என இருவகை மேடை இருந்தது. நாயகனாக நடித்தவரை ஓரளவேனும் நினைவுகூர்வோர் உளர். கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரராக, தோட்டத்துக் கிராணியாக, திருமணத் தரகராக ஒரு நாள் மட்டும் குரல் கொடுத்தவரை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. தமிழகத்துச் சிறுவேடக் கலைஞரின் பட்டப்பெயர்கூடக் கிள்ளானில் வாழும் ஒருவருக்கு மனப்பாடமாக இருக்கும். அடுத்த தெருவில் வாழ்ந்த நாடகக் கலைஞரின் இயற்பெயர் தெரியாது. திரைப்படம் சுருளில் நின்றது. நம் நாடகமோ ஒலித்த மாலையோடு காற்றில் கரைந்தது. காரணம் திறமைக் குறைவன்று, பதிவுக் குறைவே.

அறுபதுகளில் இளைஞராக ஒலிவாங்கி முன் நின்றவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்தம் இல்லங்களில் பழைய நிழற்படங்கள், கைப்பிரதிகள், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள் இருத்தல் கூடும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டனார், பாட்டியாரிடம் சென்று, எந்த நாடகம், எந்த ஆண்டு, என்ன வேடம், நடித்தவர் யார் என்று நான்கு வினாக்களைக் கேட்டு ஏட்டில் எழுதினாலே போதும். ஓர் ஊரின் கலை வரலாறு உருப்பெறத் தொடங்கும். கட்டுரைப் பயிற்சிக்கும் இதைவிடப் பயனுள்ள பொருள் கிடைப்பதரிது.

மதுரைப் பொற்கொல்லனின் பெயரை இனி எவராலும் அறிய இயலாது. அங்காசாபுரியின் ஒலிவாங்கி முன் ஒரு மாலை மட்டும் வந்துபோனவரின் பெயரை இன்னும் கேட்டறியலாம். கேட்பதற்குரிய காலம் மட்டுமே குறுகி வருகிறது.