குடவோலையும் நேர்காணலும்

முசிறியில் இரயில் நிலையம் இல்லை. பாலத்தில் காவிரியைக் கடந்து குளித்தலைக்குச் சென்றுதான் வண்டி ஏறவேண்டும். நம் ஊரின் கணினிப் பொறியியல் பட்டதாரிகள் பலரும் நேர்காணலுக்குப் புறப்படும் வழி இதுவே. சான்றிதழ்க் கோப்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் அப்பிள்ளைகளைக் காணுந்தோறும் உத்திரமேரூர்தான் நம் நினைவுக்கு வருகிறது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஊர் வாரியத்திற்கு ஆளெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. அகவை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவர்க்கு அரைக்கால் வேலியே போதும். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அது அந்தணர் சபை. ஏனையோர்க்கு அங்கே இடமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று வியப்பளிக்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஏதுமறியாச் சிறுவன். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்கவேண்டும். தேர்வு பெறுவோரை மட்டுமன்றித் தேர்ந்தெடுப்போரையும் ஐயுற்ற ஏற்பாடு அது!

கணினித் துறையின் தேர்வு வரலாறு வேறு திசையில் சென்றது. நிரல் எழுதத் தகுந்தவர் யார் என்பதை எவரும் அறியாத காலத்தில், 1955-இல், ஐ.பி.எம். நிறுவனம் எண் தொடர், உருவ ஒப்புமை, கணக்கு ஆகியவற்றைக் கொண்ட திறனறி தேர்வொன்றை உருவாக்கியது. பிற்காலத்தில் புதிர்கள் புகுந்தன. நம் மாணவர்கள் சகுந்தலா தேவியின் புதிர் நூலைத் தேடி அலைந்த நாட்கள் நினைவிருக்கிறது. அத்தகைய புதிர்களால் பயனில்லை என்று கூகுள் நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவர் 2013-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதற்குள் எத்தனை பிள்ளைகள் அப்புதிர்களில் இடறி வீழ்ந்தனரோ!

வென்றவரும் உண்டு. முசிறிக்கு மேற்கே, அதே காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் அரசுப் பள்ளியில் பயின்ற ந. சந்திரசேகரன், 1986-இல் திருச்சி மண்டலப் பொறியியற் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1987-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2017-இல் டாட்டா குழுமத்தின் தலைவரானார். இவ்வெற்றியை நாமும் வகுப்பில் எடுத்துச் சொல்வதுண்டு. சொல்லும்போதே ஓர் உறுத்தலும் எழும்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர். நேர்காணலில், பிணைத்த பட்டியலைத் தலைகீழாக்குவது எவ்வாறு என்று கேட்டிருக்கின்றனர். ஆங்கிலம் தடுக்கவே வாய்மூடி இருந்துவிட்டு ஊர் திரும்பினார். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே கேள்விக்கு அவர் விடை சொன்னார்: "ஐயா, குளித்தலை இரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த பெட்டி எது என்பது மட்டுமே தெரியும். கொக்கியைக் கழற்றுமுன் அடுத்த பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய கொக்கியை முந்தைய பெட்டியில் மாட்டவேண்டும். கடைசிப் பெட்டி முதற்பெட்டி ஆகும்வரை இப்படியே செல்லவேண்டும்." கணினி கல்லாத நமக்கே அது விளங்கியது.

அவரிடம் அறிவு இருந்தது. கேட்டவர்க்கு அது எட்டவில்லை. இதில் குறை யாருடையது?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் மட்டுமே அதில் இடம்பெற்றன. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நேர்காணலுக்கும் ஆங்கிலத்திற்கும் பயிற்சி தருகிறது. நல்லதே. பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும். நாமும் அதையே அறிவுறுத்துகிறோம். ஆனால் பயிற்சியெல்லாம் விடை சொல்வோர்க்கே. கேள்வி கேட்போர்க்கு எவ்விதப் பயிற்சியும் விதிக்கப்படவில்லை. விரித்த உள்ளங்கையில் ஓலையை ஏற்கும் அந்த நேர்மையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறோம். நேர்காணல் அறையில் அதற்கு ஈடான விதியை இனிமேல்தான் எழுதவேண்டும்.